கோடு போடாத ஏழு

குபேந்திரன் அண்ணன் எழுதும் ஏழுக்கு
இடுப்பில் கோடு கிடையாது.
தலையும் ரொம்பச் சின்னது.
பில்லின் பின்பக்கம், பேனா மசி கக்கிய இடத்தில்
கடைசிக்கு முந்தின எண்ணை
ஒன்று என்று படித்தேன்.

ஏழை ஒன்று என்று படித்தேன்.
இப்போது சொல்லிப் பார்த்தால்
வேறெதையோ சொல்வது போலிருக்கிறது.
அன்று காதில் அப்படி விழவில்லை.

இருபத்து மூவாயிரத்து நானூறு.
நைட்டி ஒன்றுக்குத் தையல் கூலி பதினெட்டு.
ஆயிரத்து முந்நூறு நைட்டி
போனில் ஒரே விரலில் போய்விட்டது.
பச்சை டிக் வேறு விழுந்தது,
சரியாகச் செய்தாய் என்பது போல.

விளக்குத்தூணிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்:
"மைமூன், காசு இன்னும் ஏறலயே."
செல்லூர்க் கிளைக்கு ஓடினேன்.
"நம்பரை நீங்கதான போட்டீங்க?"
மேனேஜர் மூன்று தடவை கேட்டார்.
மூன்று தடவையும் நான்தான்.

"எதிராளி சம்மதிச்சாத்தாம்மா எடுக்க முடியும்."

எதிராளியா?
எனக்கு அப்படி யாரும் இருந்ததில்லை,
துணிக் கடன் கேட்கும் அண்ணனைத் தவிர.
அவரும் சனிக்கிழமை வரைக்கும்தான்.

பெயர் சொல்லக் கூடாதாம், விலாசமும் கூடாதாம்.
மனு வாங்கி முத்திரை குத்தும்போது
"உசிலம்பட்டி கிளை" என்று
தனக்குத்தானே முனகினார்.
அது என் காதுக்குப் போதும்.

ஒன்பது நாள் தூக்கமில்லை.
அவளை, அவனை, யாரென்று தெரியாத அதை
மிஷின் மிதிக்க மிதிக்கத் திட்டினேன்.
என் காசில் மட்டன் எடுக்கிறாள்.
என் காசில் செயின் மீட்கிறான்.
பாபின் நூல் தீர்ந்தது கூடத் தெரியாமல்
அரை கஜம் வெறும் ஓட்டை போட்டேன்.

பத்தாம் நாள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன்.
செக்கானூரணி தாண்டும்போது
என்னென்ன பேசுவதென்று வரிசை போட்டேன்.
வங்கிப் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள்
"தண்ணி குடிக்கிறியா, மூஞ்சி வேர்த்திருக்கு" என்றாள்.
குடித்தேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது
உள்ளே கூப்பிட்டார்கள்:
"ஒச்சம்மாள் யாரு?"
அவள் எழுந்தாள்.

நான் போட்ட வரிசையில்
தண்ணீர் இல்லை.

"நூறு நாள் வேலைப் பாக்கி
மொத்தமா வந்துருச்சுன்னு நெனச்சேன்.
நாலு மாசமா வரலைல்ல.
ஆட்டுக் கொட்டாய்க்குத் தகரம் போட்டுட்டேன்.
மிச்சம் அப்பிடியே கெடக்கு, எடுத்துக்க."

பதினாறாயிரத்துக்குச் சம்மதம் என்று
ஊதாக் கட்டை விரலைப் பதித்தாள்.
தகரம் ஏழாயிரத்து நானூறு.
"தகரத்தக் கழட்டியா தரமுடியும்?" என்று கேட்டாள்,
கோபமில்லாமல், கணக்குக்காக.

மாதம் ஐந்நூறு என்று முடிவானது.

ஐந்தாம் தேதி ஆனால் போன் சிணுங்கும்.
ஒரு தடவை பன்னிரண்டாம் தேதி வந்தது.
அன்று காலையில்தான் திட்டியிருந்தேன்.
ஐப்பசியில் அவளே கூப்பிட்டாள்:
"இங்க பேய் மழை.
ஒன் தகரம் நல்லா நிக்கிது."
என் தகரத்தின் கீழ்
மூன்று ஆடும் ரெண்டு குட்டியும் நின்றன.
செல்லூரில் எங்கள் வீடு ஒழுகிக்கொண்டிருந்தது.

பதினாலு மாதம் ஐந்நூறு.
பதினைந்தாவது மாதம் நானூறு வர வேண்டும்.
ஐந்நூறே வந்தது.

கூப்பிட்டேன், எடுக்கவில்லை.
வட்டியா, பஸ் காசா,
எண்ணிக்கை தப்பியதா?
ரெண்டு நாளாக என் கணக்கில்
எனக்கில்லாத ஒரு நூறு உட்கார்ந்திருக்கிறது.

மேனேஜரிடம் கேட்டால்
எதிராளி சம்மதிக்க வேண்டும் என்பார்.
இந்தத் தடவை அது நான்.

அவள் நம்பர் எனக்கு மனப்பாடம்.
அண்ணன் நம்பர்தான், ஏழு இருக்குமிடத்தில் ஒன்று.
ஒன்றைத் தெரிந்தே அழுத்துகிறேன்.
பிறகு விரலை எடுத்துவிட்டு
முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கிறேன்.